பதினைந்து பாகம் ஆழத்துக்கு நான் நிரப்பிய காற்று

செகந்திராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளம் தம்பதி போன மாதம் அந்தமான் போய்வந்தார்கள். கரையில் தங்கவில்லையாம். ஏழு நாளும் படகிலேயே சாப்பாடு, படகிலேயே படுக்கை, விடிந்தால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது. போட்டோவெல்லாம் காட்டினார்கள். மஞ்சள் மீன், நீல மீன், விசிறி மாதிரி விரிந்த பவளம். நான் ஒரு படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் சிரித்துவிட்டது.

“அங்கிள், எல்லாரும் மீனைப் பாக்கறாங்க. நீங்க எங்களுக்குப் பின்னாடி இருக்கிற மெஷினைப் பாக்கறீங்க?”

“காத்து நிரப்பற கம்ப்ரஸர்மா அது. காத்தை உறிஞ்சற ஹோஸை எங்க கட்டியிருக்காங்கன்னு பாத்தேன்.”

“உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

நான் படித்தது எட்டாவது வரை. அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். நான் மௌலா அலிப் பக்கம் ஒரு பொதுத்துறை ஆலையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். துடைத்தேன், தூக்கினேன், திட்டு வாங்கினேன், ஏழாம் வருடம் கம்ப்ரஸர் ஃபிட்டர் ஆனேன். திருத்தணி முருகன் கொடுத்த சோறு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் ஃபோர்மன் காதர் சாப். ஒல்லியான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வேலையை முடித்தோம் என்றால் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் “ஹவ்” என்பார். இல்லையென்றால் “நக்கோ மியான்” என்பார். அவ்வளவுதான். அந்த நக்கோவைக் கேட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்போது எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். கடலுக்குள் முக்குளிப்பவர்கள் சுவாசிக்கிற காற்றை சிலிண்டரில் அடைக்கும் கம்ப்ரஸர் அதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அதை நாமே செய்யலாம் என்று காதர் சாப் பிடிவாதம் பிடித்து, இரண்டு வருடம் முயன்று ஒன்று செய்தார். அதைக் கடலில் வைத்துச் சோதிக்க வேண்டும். மேற்குக் கடலில் பவளத் தீவுகள் பக்கம் விளக்கு மிதவை கட்டப் போகும் ஒரு படகில் அதை ஏற்றுவதாக ஏற்பாடு. மெஷினோடு ஒரு ஆள் போக வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

“ஏழுமலை, கடல் பாத்திருக்கியா?”

“இல்ல சாப். ஹுசேன் சாகர் ஏரிதான் பாத்துகீறேன்.”

“அது போதும். தண்ணி தண்ணிதான். உன் வேலை தண்ணியில நக்கோ, காத்துல.”

புறப்படும் அன்று என் வீட்டுக்காரி காமாட்சி ஒரு துணிப் பையில் விபூதி, குங்குமம், எலுமிச்சம்பழம், சாம்பிராணி, ஒரு சின்னப் பித்தளைத் தூபக்கால் எல்லாம் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். “ஆயுத பூஜை அன்னிக்கு நீங்க கடல்ல இருப்பீங்க. மெஷினை மூளியா விட்டுடாதீங்க” என்றாள். ஆலையில் ஆயுத பூஜை என்றால் எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. லேத்துக்கும் மாலை உண்டு, ஸ்பானருக்கும் பொட்டு உண்டு.

படகில் நாங்கள் பதினோரு பேர். பன்னிரண்டு நாள் கரை இறங்கவில்லை. முதல் இரண்டு நாள் நான் மனிதனாகவே இல்லை, வாந்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வராததுதான் பாக்கி. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர், மேல்தளத்தில் பாய், மூன்று வேளையும் மீன்; எனக்கு மட்டும் சமையல்காரர் புளிச்சோறு கட்டி வைத்துவிடுவார்.

முக்குளிப்பவர்களுக்குத் தலைவர் பெர்னாண்டோ. தூத்துக்குடிக்காரர், கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். கழுத்தில் மாதா படம், கையெல்லாம் பழைய காயத் தழும்பு. அவரோடு சேர்ந்து இறங்குகிறவன் சத்யம், பீமிலிக் கடற்கரைத் தெலுங்குப் பையன். அவனுக்கு நான் முதல் நாளிலிருந்தே “அன்னா”.

பெர்னாண்டோவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் அப்படிப் பார்த்ததில்லை. சிலிண்டரை நிரப்பியவன் அதை அவர் எதிரில் வைத்து, ரெகுலேட்டரை வாயில் கவ்வி, பத்து மூச்சு இழுத்துக் காட்ட வேண்டும். அவர் விரல் விட்டு எண்ணுவார். பத்தானதும் நான் சிலிண்டர் தோளில் சாக்பீஸால் என் எழுத்தைப் போட வேண்டும். எழுத்து இல்லாத சிலிண்டரை அவர் தொடமாட்டார்.

“நீரு குடிக்காத காத்தை நான் குடிக்கமாட்டேன், கேட்டீரா வே” என்பார்.

நிரப்புகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைக் கடல் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி மெதுவாக நிரப்ப வேண்டும், அவசரப்பட்டால் சூடேறும். கால் மணிக்கு ஒரு தடவை மெஷினில் சேரும் ஈரத்தை வடித்துவிட வேண்டும். காற்றை உறிஞ்சும் ஹோஸின் வாய் படகின் மூக்கில், காற்று எதிரே வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். டீசல் புகை பின்னால் போகும், சமையல் புகை பின்னால் போகும். பெயிண்ட் டின்கூட முன்னால் வைக்கக் கூடாது. உள்ளே வந்த காற்று கரி வடிகட்டி வழியாகப் போகும். எண்ணெய் வாசம், மீன் வாசம் எல்லாவற்றையும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் பெர்னாண்டோ என்னைப் பார்த்து, “வாரும், இன்னிக்கு நீரும் இறங்கும்” என்றார்.

“ஐயோ சார், எனக்கு நீச்சலே தெரியாது.”

“நீந்தச் சொல்லல வே. மூச்சு விடத்தான் சொல்லுதேன்.”

இடுப்பில் கயிற்றைக் கட்டி இரண்டு ஆள் ஆழத்துக்கு இறக்கிவிட்டார்கள். முருகா முருகா என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பிறகு திறந்தேன். கீழே மணல் வெள்ளை வெளேரென்று, அதன் மேல் படகின் நிழல். சின்னச் சின்ன மீன்கள் என் முட்டிக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயின. என் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அப்போதுதான் உறைத்தது. மேலே வானம் முழுக்கக் காற்று இருக்கிறது, எனக்கு அதில் ஒரு வாய்கூட இல்லை. நான் கையால் நிரப்பியதுதான் எனக்கு. அன்றிலிருந்து ஒரு சிலிண்டரையும் நான் வெறும் இரும்பாகப் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் ஆயுத பூஜை. வேலையிலும் அதுதான் கடைசி நாள். மிதவையின் சங்கிலியை அடியில் கல்லோடு பூட்டியாகிவிட்டது, அந்தப் பூட்டுக்கு ஆணி ஒன்றை அடித்து வளைத்துவிட்டால் முடிந்தது. வளைக்காமல் விட்டால் அடுத்த அலையில் மிதவை போய்விடும். ஆழம் பதினைந்து பாகம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். நீவாடு, அதாவது கடலுக்குள் ஓடும் ஓட்டம், நின்றிருக்கும் நேரத்தில்தான் அங்கே வேலை செய்ய முடியும். அன்று அது காலை பத்து மணிக்கு. வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று படகை ஓட்டும் சாரங்கு சொல்லிவிட்டார். நல்ல தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது.

விடியற்காலையில் குளித்தேன். மெஷினைத் துடைத்து, விபூதி பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தடவினேன். சமையல்காரர் கொட்டாங்கச்சி நெருப்பு கொடுத்தார். தூபக்காலில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, மெஷினை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினேன். ஆலையில் பூஜை முடிந்ததும் மெஷினை ஒரு தடவை ஓட்டி நிறுத்துவோம். இங்கே நிறுத்த நேரமில்லை. ஓட்டியது ஓட்டியபடியே அன்றைய சிலிண்டரை நிரப்ப ஆரம்பித்தேன்.

தூபக்காலை எங்கே வைப்பது? பின்னால் டீசல். நடுவில் ஆட்கள் கால் படும். படகிலேயே சுத்தமான இடம் ஒன்றுதான், மூக்கு. அங்கே கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மெஷின் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நடுவில் கேபின் மறைக்கும். ஆனால் வாசனை வந்துகொண்டே இருந்தது. அதைப் பிடிக்கப் பிடிக்க எனக்கு மௌலா அலியில் எங்கள் ஷெட்டில் நிற்பதுபோல மனசு குளிர்ந்துபோயிற்று. இரண்டு சிலிண்டர் நிரம்பியது. பெர்னாண்டோ எதிரில் இரண்டிலும் பத்துப் பத்து மூச்சு இழுத்தேன். சாம்பிராணி வாசம் துளிகூட இல்லை. படகு முழுக்க மணக்கிறது, சிலிண்டரில் மணக்கவில்லை, காதர் சாப் செய்த வடிகட்டி என்றால் சும்மாவா என்று பெருமைப்பட்டேன். எழுத்தைப் போட்டேன். அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். உபரிக்கு மூன்றாவதை மாட்டிவிட்டு, கற்பூரம் காட்டலாம் என்று மூக்குப் பக்கம் போனேன்.

தூபக்காலிலிருந்து கிளம்பிய புகை மேலே போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பாதி அப்படியே வளைந்து, பிடித்து இழுத்ததுபோல, ஹோஸ் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஆலையில் ஒரு பனிக்காலத்தில் வாட்ச்மேன் தன் அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். காதர் சாப்தான் கதவை உடைத்து இழுத்துப் போட்டார். பிழைத்த பிறகு அந்த ஆள் சொன்ன ஒரே வார்த்தை, “வாசமே வரலையே சாப்.” அன்றைக்குக் காதர் சாப் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: கரி நெருப்பிலிருந்து வரும் விஷத்துக்கு வாசம் கிடையாது, வடிகட்டியில் இருக்கும் கரி வாசத்தைப் பிடிக்கும், அந்த விஷத்தைப் பிடிக்காது, ஆழம் போகப் போக அந்த விஷம் இன்னும் பலமாக ஏறும். மேலே பத்து மூச்சில் ஒன்றும் தெரியாது. கீழே போனால் மயக்கம்.

உண்மையைச் சொல்கிறேன். உடனே ஓடவில்லை. சாமிக்குப் போட்ட புகை ஆளைக் கெடுக்குமா என்று ஒரு நினைப்பு. வெளியே சொன்னால் காதர் சாப்பின் இரண்டு வருட உழைப்பில் என்னால் கறை விழுமே என்று ஒரு நினைப்பு. மூக்கு வைத்துப் பார்த்தாலும் எவனுக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு, அதுதான் பாழும் நினைப்பு. அப்போது படகின் ஓரத்தில் ‘தொபுக்’ என்று சத்தம். சத்யம் இறங்கிவிட்டான்.

ஓடினேன். “ஏத்துங்க! ஏத்துங்க! சத்யம், வாயிலேர்ந்து எடுடா!”

அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். “ஏமைந்தன்னா?” என்றான், என்ன ஆச்சு என்று கேட்டுச் சிரித்தபடி. பெர்னாண்டோ முதுகில் சிலிண்டரோடு நின்றார்.

“என்னவே, கடலுக்குள்ள பேயா?”

“காத்து கெட்டுப்போச்சு சார். ஹோஸ் வாய்க்குக் கீழ நான்தான் தூபக்கால வெச்சுட்டேன். பொக பூந்துடுச்சு.”

அவர் வால்வைத் திறந்து மோந்தார். இன்னொன்றையும் மோந்தார். “ஒண்ணும் மணக்கலியே.”

“மணக்காது சார். அதான் பயமே.”

வாட்ச்மேன் கதையை மூச்சு வாங்கச் சொன்னேன். சாரங்கு குறுக்கே வந்தார். “ஊதுவத்தி கொளுத்துனதுக்கெல்லாம் வேலையை நிறுத்துவாங்களா? ஓட்டம் திரும்பிடும், சீக்கிரம் இறங்குங்கப்பா.”

பெர்னாண்டோ அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். “அந்தக் கண்ணாடிக் குழலு இருக்கா?”

இருந்தது. வெள்ளைப் பொடி அடைத்த சின்னக் குழல். காற்றில் அந்த விஷம் இருந்தால் பொடி பழுப்பாகும். ஆலை இரண்டுதான் கொடுத்திருந்தது. ஒன்று துறைமுகத்தில் முதல் நாள் போட்டாகிவிட்டது. இரண்டாவதைக் கடைசி நாள் போட்டு, மெஷின் நல்ல காற்று தருகிறது என்று சோதனைத் தாளில் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் சோதனை முடியாது.

“இத இப்ப ஒடச்சா தாளுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது சார்.”

“தாளு கடலுக்குள்ள இறங்கப் போவுதா வே? ஒடையும்.”

உடைத்தேன். சத்யத்தின் சிலிண்டரிலிருந்து மெதுவாகக் காற்றை விட்டேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பொடி அடியிலிருந்து பழுத்துக்கொண்டே ஏறியது. சாரங்கு தொப்பியைக் கழற்றிவிட்டார். சத்யம் என்னைப் பார்த்தான், குழலைப் பார்த்தான், ஏணிக்குக் கீழே கடலைப் பார்த்தான். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

பெர்னாண்டோ என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “அடுத்து நீவாடு நிக்கது சாயந்திரம் நாலு மணிக்கு. அதுக்குள்ள நல்ல காத்து தருவீரா?”

“தருவேன் சார்.”

சாரங்கு, நாலரைக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்கமாட்டேன், வெளிச்சத்தில் பவளப் பாறை இடுக்கைத் தாண்ட வேண்டும் என்றார். சரி என்றார் பெர்னாண்டோ.

நெருப்பைக் கடல் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். மூன்று சிலிண்டரையும் காலியாகும்வரை திறந்துவிட்டேன். அந்தச் சீறலைக் கேட்டபடி நின்றதுதான் எனக்குத் தண்டனை. ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணி விட்டு இழுத்தேன், கறுப்பாக வந்தது. கறுப்பு நிற்கும்வரை இழுத்தேன். வடிகட்டியில் புதுக் கரி போட்டேன். ஒரு மணி நேரம் மெஷினை வெறுமே ஓட்டி உள்ளே இருந்ததையெல்லாம் வெளியேற்றினேன். அதன் பிறகு நிரப்பினேன். நிரம்பும்வரை படகின் மூக்கிலேயே சத்யத்தை உட்கார வைத்தேன், பீடி பிடிப்பவன்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று.

சோதிக்கக் குழல் இல்லை. பத்து மூச்சு போதாது என்று எனக்கே தெரியும். அந்தக் காற்றிலேயே மூன்றாவதாக ஒரு சிலிண்டர் நிரப்பி, பெர்னாண்டோ எதிரில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்தி, ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு அது தீரும்வரை சுவாசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தலை தெளிவாக இருந்தது. எழுந்து நடந்து காட்டினேன்.

நாலு மணிக்கு இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் கடலைப் பார்த்தபடி நின்றேன். குமிழிகள் இரண்டு கொத்தாக வந்துகொண்டிருந்தன. ஒரு கொத்து கொஞ்சம் தாமதித்தால் ஓரத்தில் குனிந்து தேடுவேன். முருகனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பதினெட்டு நிமிஷம். சத்யத்தின் தலைதான் முதலில் வந்தது. வாயிலிருந்து ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, “பாகுந்தன்னா!” என்று கத்தினான். நன்றாக இருக்கிறது அண்ணா என்று அர்த்தம். பின்னாலேயே பெர்னாண்டோ, ஆணி வளைத்த சுத்தியலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. நான் தளத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை. அந்தப் புகையை என் கண்ணில் காட்டியவன் திருத்தணிக்காரன்தான். இதில் யார் என்ன சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.

சோதனைத் தாளில் பெர்னாண்டோ தன் கைப்பட எழுதினார். ‘காற்று கெட்டது நிரப்பியவரின் பிழை, மெஷினின் பிழை அல்ல. பிழையைச் சொன்னவரும் அவரே. பிறகு அதே மெஷினின் காற்றில் நான் பதினைந்து பாகம் இறங்கி வேலை முடித்து ஏறினேன்.’

ஆலையில் ஓர் அதிகாரிக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை. என்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். காதர் சாப் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹவ்வும் சொல்லவில்லை, நக்கோவும் சொல்லவில்லை. படகின் படம் ஒன்றைப் போடச் சொல்லி, தூபக்கால் எங்கே, ஹோஸ் எங்கே என்று என்னைக் குறிக்கச் சொன்னார். அப்புறம் அதிகாரியிடம் சொன்னார்.

“சார், இந்த மெஷினுக்கு புக் எழுதினது நான். டீசல் கிட்ட வைக்காதே, அடுப்பு கிட்ட வைக்காதேன்னு எழுதினேன். என் வீட்டுல ஒவ்வொரு வியாழக்கிழமையும் லோபான் போடறோம். அதுவும் இதே சாம்பிராணிதான், இதே கரிதான். எனக்கே தோணல. இவன்மேல எழுதணும்னா முதல்ல என்மேல எழுதுங்க.”

யார்மேலும் எழுதவில்லை. குழலுக்குப் பதிலாகப் பெர்னாண்டோ எழுதியதை ஏற்றுக்கொண்டார்கள், மெஷின் தேறிவிட்டது. புத்தகத்தை மறுபடி அச்சடித்தபோது, காற்று உறிஞ்சும் இடத்துக்குப் பக்கத்தில் கூடாதவை என்ற பட்டியலில் தூபம், லோபான் என்று ஒரு வரி சேர்ந்தது. இது மத விஷயம் ஆகிவிடும் என்று மேலதிகாரிகள் அதை அடித்தார்கள். காதர் சாப் மறுபடி எழுதினார். மறுபடி அடித்தார்கள். மூன்றாவது தடவை அந்த வரி நிலைத்துவிட்டது.

பிறகு நிறைய மெஷின்கள் போயின. அவற்றில் ஆறேழோடு நானும் போனேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குங்குமம் வைத்தேன், பழம் வைத்தேன், புகை மட்டும் மெஷின் நின்றிருக்கும்போது காட்டினேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது தூரத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஆலைக்கு ஒரு கடிதம் வந்தது. மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆனால் உங்கள் புத்தகத்தில் தூபம் என்று ஒரு வரி இருக்கிறதே, வேறு எந்தக் கம்பெனி புத்தகத்திலும் இது இல்லையே, எதற்கு என்று கேட்டிருந்தார்கள். காதர் சாப்பின் இடத்தில் வந்திருந்த புது ஃபோர்மன் அதை என்னிடம் கொடுத்து, “பதில் நீங்களே எழுதுங்க, டைப் அடிச்சு அனுப்பறேன்” என்றார்.

நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘ஐயா, அது என் கையால் நடந்த தப்பு. தெரிந்தவுடன் சொல்லிவிட்டேன், அதனால் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். உங்கள் ஆட்களும் ஏறி வர வேண்டும் என்றுதான் அந்த வரி.’

டைப் அடித்த கடிதம் கையெழுத்துக்கு வந்தது. முப்பது வருட வேலையில் ஆலைக்கு வெளியே போன காகிதம் எதிலும் என் பெயர் இருந்ததில்லை. பேனாவை வாங்கி, இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் எழுதினேன்: ஏழுமலை, கம்ப்ரஸர் ஃபிட்டர்.